கை ஓங்காதவள் என்று நினைத்திருந்தேன்

தூங்காதவள்:
பிள்ளைகளிடம் குரலைக்கூட உயர்த்தக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தவள் நான். இளையவள் பிறந்த ஏழு மாதங்களில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் உறங்கியதில்லை. அன்று மாலை நான்கு வயது மகன் காலணியை மூன்றாம் முறையாக இடவலம் மாற்றி அணிந்து வந்து நின்றபோது, அவன் கையைப் பற்றிய என் பிடி எப்போது இறுகியது என்றே தெரியவில்லை. விட்டபோது நான்கு விரல்களும் சிவந்து பதிந்திருந்தன. சற்று நேரத்தில் அவனுடைய பாட்டி உள்ளே வர, அவன் சட்டைக் கையை இழுத்து அந்தத் தடத்தை மூடிக்கொண்டான். அவனுக்கு அதை யார் கற்றுத் தந்தார்கள்?

மூத்தவன்:
சோர்வின் மீது பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தந்தை ஒரு நாளும் களைப்பில் அடித்தவர் அல்லர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அந்தச் சிறு ஓசையிலேயே என் வயிறு கலங்கும். உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் விவரித்த, கீழ்ப்படிதலை மட்டுமே எதிர்பார்க்கும் வளர்ப்பு முறை அது. அடிப்பதையே முறை என்று கொண்டவருக்குச் சோர்வு எதற்கு?

குளியலறைக் கதவு:
மூத்தவன் அவர்களே, நீங்கள் சொல்வது ஒரு வழி. அது மட்டுமே வழியன்று. என் கதையில் அடியே இல்லை. மகள் அழுதுகொண்டிருக்க, கதவைத் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அமர்ந்திருந்தேன், அவ்வளவுதான். பெல்ஜிய ஆய்வாளர்கள் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் ஆகியோர் பெற்றோர் பர்ன்அவுட்டுக்கு, அதாவது பிள்ளை வளர்ப்பிலேயே முற்றிலும் சோர்ந்துபோகும் நிலைக்கு, நான்கு அடையாளங்களைச் சொல்கிறார்கள்: மீளாக் களைப்பு, முன்பிருந்த தாயோ தந்தையோ நான் இல்லை என்ற உணர்வு, பெற்றோராக இருப்பதிலேயே சலிப்பு, பிள்ளையிடமிருந்து மனம் விலகுதல். பெற்றோரைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்தபோது, இச்சோர்வு கூடியபின் புறக்கணிப்பும் வன்முறையும் கூடுவதை அவர்கள் கண்டார்கள். குறையே இல்லாத பெற்றோராக இருக்க முயல்வோர் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள் என்பதால், சகோதரி, உங்கள் உறுதியைச் சற்றுத் தளர்த்துங்கள். இரவுகளைக் கணவருடன் பிரித்துக்கொள்ளுங்கள். கோபம் ஏறினால் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு அடுத்த அறைக்குச் செல்லுங்கள். கைக்குழந்தையை ஒருபோதும் உலுக்காதீர்கள். மருத்துவரைப் பார்த்தால், இந்த அலுப்பு எல்லாவற்றிலும் இருக்கிறதா, பிள்ளை வளர்ப்பில் மட்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பொதுவான மனச்சோர்வும் இதுவும் ஒன்றல்ல.

தூங்காதவள்:
நன்றி. ஆனால் நான் கேட்டது அந்தச் சட்டைக் கையைப் பற்றி.

மூத்தவன்:
யாரும் கற்றுத் தருவதில்லை, அம்மா. நானும் அப்படித்தான் மூடினேன்.