தம்பிக்கு அமெரிக்கா கம்யூனிட்டி காலேஜ், எஸ்பிஎம் முடிச்ச கையோட அனுப்பலாமா?

பிறை_அண்ணன்:

வணக்கம் எல்லாருக்கும், நான் பினாங்கு பிறைல இருந்து. தம்பி எஸ்பிஎம்ல (ஃபார்ம் 5 கடைசி பரீட்சை) 7ஏ எடுத்தான், கணக்கு ஏ பிளஸ். மெட்ரிக் (யூனிவர்சிட்டிக்கு முந்தின அரசு படிப்பு) கேட்டு அப்பீல் வரைக்கும் போயும் கிடைக்கல, ஸ்கூல்லயே ஃபார்ம் 6 போடான்னா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிறான். ரெண்டு மாசமா யூடியூப்ப பார்த்துட்டு, அமெரிக்கால கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சிட்டு அப்புறம் பெரிய யூனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்.

வீட்ல சொன்னதும் தாத்தா ஒரே சிரிப்பு. "கோலேஜ் கொமுனிட்டி கெப்பாலா பத்தாஸ்லயே இருக்கு, பஸ்ல போய்ட்டு பஸ்ல வந்துடலாம், அதுக்கு எதுக்குடா பிளேன்?"னு கேட்டார். எனக்கே பதில் சொல்லத் தெரியல. நம்ம ஊர் கோலேஜ் கொமுனிட்டில சர்ட்டிபிகேட்டும் கைத்தொழிலும் தானே, அமெரிக்கால அதே பேர்ல இருக்குறது வேறயா?

அப்பா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில 26 வருஷம், இன்னும் நாலு வருஷத்துல ரிட்டையர். பாட்டி நிலம் வித்த பங்கு, அப்பா ஈபிஎஃப், என் சேமிப்பு எல்லாம் கூட்டினா 2 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) தேறும், அதுக்கு மேல கடன் தான். ஒரு ஏஜெண்ட பார்த்தோம், விசா வரைக்கும் எல்லாம் நான் பார்த்துக்கறேன் 9,000 வெள்ளி குடுங்கன்னார், எந்த காலேஜ்னு கேட்டா "எல்லாம் ஒண்ணு தான் பாஸ்"ங்குறார். அங்க தான் எனக்கு உதைக்குது. போய் படிச்சவங்க, பிள்ளைய அனுப்பினவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

பூச்சோங்_மச்சான்:

ப்ரோ, நான் அந்த வழில தான் போனேன். கலிபோர்னியா கூப்பர்ட்டினோல டி அன்சா காலேஜ், அப்புறம் சான் ஹோசே ஸ்டேட்ல டிகிரி, இப்ப சைபர்ஜெயால வேலை.

முதல்ல தாத்தாவுக்கு பதில். அங்க கம்யூனிட்டி காலேஜ்னா நாலு வருஷ டிகிரியோட முதல் ரெண்டு வருஷம், முடிச்சா அசோசியேட் டிகிரி. வெல்டிங், நர்சிங் மாதிரி தொழில் கோர்ஸும் அதே கேம்பஸ்ல நடக்கும், அதனால தாத்தா சொல்றது முழுசா தப்பும் இல்ல. கலிபோர்னியால மட்டும் இப்படி 116 காலேஜ் இருக்கு. பைடன் பிரசிடண்டா இருந்தப்ப அவர் மனைவி ஜில் பைடன் வர்ஜீனியால ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல தான் இங்கிலீஷ் பாடம் நடத்திட்டு இருந்தாங்க, தாத்தா அப்பவும் சிரிச்சா இத சொல்லுங்க.

உள்ள நுழையறது சுலபம். எஸ்ஏடி நுழைவு பரீட்சை எல்லாம் கேக்கமாட்டாங்க. எஸ்பிஎம் சர்ட்டிபிகேட் மலாய்ல இருக்கும், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், நான் ஐடிபிஎம்ங்குற அரசு மொழிபெயர்ப்பு நிறுவனத்துல பண்ணேன். ஸ்கூல் மார்க், டோஃபல் இல்லன்னா ஐஎல்ட்ஸ் இங்கிலீஷ் டெஸ்ட், பாஸ்போர்ட், பேங்க் ஸ்டேட்மெண்ட். டுவோலிங்கோ டெஸ்ட்டயும் நிறைய காலேஜ் ஏத்துக்குது. இத எல்லாம் காலேஜ் வெப்சைட்ல நாமளே போடலாம், இதுக்கு 9,000 வெள்ளியா? அதுலயும் நிறைய காலேஜ் ஏஜெண்டுக்கு தனியா கமிஷன் குடுக்குது, அவர் ரெண்டு பக்கமும் வாங்கறார். எல்லாம் ஒண்ணு தான்னு ஒருத்தர் சொன்னா எழுந்து வந்துடுங்க லா.

ஏன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. எந்த காலேஜ்ல சேர்றதுன்னு முதல்ல யோசிக்கறவன் தப்பு பண்றான், மூணாவது வருஷம் எந்த யூனிவர்சிட்டின்னு முதல்ல முடிவு பண்ணி அங்க இருந்து பின்னால வரணும். அசிஸ்ட் டாட் ஓஆர்ஜின்னு ஒரு சைட் இருக்கு, கலிபோர்னியால எந்த காலேஜ்ல எடுத்த எந்த பாடம் எந்த யூனிவர்சிட்டில எதுக்கு ஈடாகும்னு வரி வரியா போட்டிருக்கும். என் ரூம்மேட் இத பார்க்காம கண்ட கண்ட கிளாஸ் எடுத்து ரெண்டு வருஷம் கழிச்சு பார்த்தா அவன் மேஜருக்கு (டிகிரி எடுக்குற துறை) வேண்டிய கணக்கு ரெண்டு பாடம் குறையுது, இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்தான், அந்த ஒரு வருஷ காசு யார் குடுப்பா. தம்பிக்கு சிஎஸ்னா கால்குலஸ் வரிசை முழுக்க, லீனியர் அல்ஜீப்ரா, டிஸ்கிரீட், புரோகிராமிங், சில இடத்துல ஃபிசிக்ஸும், முதல் நாள்லயே பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிடணும்.

டாக்னு ஒரு டிரான்ஸ்ஃபர் திட்டத்த சொல்லி ஏஜெண்டுங்க ஆசை காட்டுவாங்க, யூசில (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) இடம் கேரண்டின்னு. ஆறு கேம்பஸ் தான் அத தருது, டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தர்றதில்ல. அந்த ஆறுலயும் எல்லா மேஜருக்கும் கிடையாது, சிஎஸ் மாதிரி கூட்டம் அதிகமான மேஜர் சில இடத்துல வெளிய தான். அத அந்தந்த கேம்பஸ் பக்கத்துல படிச்சு பார்க்கணும்.

இப்ப காசு. எஃப்-1ங்குற மாணவர் விசால செமஸ்டருக்கு குறைஞ்சது 12 யூனிட் (பாடத்துக்கு குடுக்குற கிரெடிட்) எடுக்கணும்பாங்க. எல்லாரும் அதோட நிறுத்திடுவாங்க. ஆனா டிரான்ஸ்ஃபருக்கு 60 யூனிட், நாலு செமஸ்டர் 12 எடுத்தா 48 தானே ஆகுது? அதனால 15 எடுக்கணும், வருஷத்துக்கு 30. வெளிநாட்டுக்காரனுக்கு யூனிட்டுக்கு 350ல இருந்து 450 டாலர், நடுவுல 400ன்னு போட்டா 12,000. இன்சூரன்ஸ் ஒரு 2,000, புக்கு, பஸ், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மாசம் 1,300க்கு கட்டுப்படுத்தினா வருஷத்துக்கு 15,600. ஆக மொத்தம் 30,000 டாலர் பக்கம். டாலர் 4 வெள்ளி 20 காசுன்னு வச்சா 1 லட்சத்து 26 ஆயிரம் வெள்ளி ஒரு வருஷத்துக்கு. ரெண்டு வருஷத்துல உங்ககிட்ட இருக்குறதுல 28 ஆயிரம் தான் மிச்சம், விசா செலவும் பிளேன் டிக்கெட்டும் அதுல பாதிய சாப்பிட்டுடும். டிகிரி பாதில நிக்கும்.

யூசிக்கு மாறினா வெளி ஆளுங்களுக்கு மட்டும் போடுற கூடுதல் ஃபீஸ் மட்டுமே வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல, அது ஃபீஸுக்கு மேல ஃபீஸ். நான் கால் ஸ்டேட் (சான் ஹோசே ஸ்டேட் இருக்குற கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி குழு) பக்கம் போனது அதுக்காக தான், ஃபீஸ் 20,000 பக்கத்துலயே நிக்கும். பயமுறுத்தறதுக்கு சொல்லல, யூடியூப்ல யாரும் இந்த மூணாவது வருஷத்த காட்டமாட்டாங்க.

கிள்ளான்_அங்கிள்:

டாலர் 3 வெள்ளி 80 காசா கட்டி வச்சிருந்த காலத்துலயே என் தங்கச்சி மகன அனுப்பி நாங்க மூச்சு வாங்கினோம். இப்ப சொல்லவே வேணாம்.

சுபாங் பக்கம் அமெரிக்கன் டிகிரி டிரான்ஸ்ஃபர்னு இன்டி, டெய்லர்ஸ் மாதிரி காலேஜ்ல பல வருஷமா நடக்குது. முதல் ரெண்டு வருஷம் வெள்ளில கட்டு, வீட்டு சாப்பாடு சாப்பிடு, கடைசி ரெண்டு வருஷத்துக்கு டாலர வச்சிக்கோ. இங்க இருந்து மாறும்போது மிட்வெஸ்ட் பக்கம் சில ஸ்டேட் யூனிவர்சிட்டி ஃபீஸ்ல நல்லா குறைச்சும் தர்றாங்க. கம்யூனிட்டி காலேஜ் அமெரிக்காக்காரனுக்கு மலிவு, அவன் வீட்ல இருந்து போய்ட்டு வர்றான். நமக்கு எங்க மலிவு?

பிடிபிடிஎன்ங்குற அரசு படிப்புக் கடன் வெளிநாட்டுக்கு கிடையாது, அத நம்பாதீங்க. அப்பா ஈபிஎஃப்ல ரெண்டாவது அக்கவுண்ட், 2024ல செஜாத்தெரான்னு பேர் மாத்தினது, அதுல இருந்து பிள்ள படிப்புக்கு எடுக்கலாம். ஆனா நாலு வருஷத்துல ரிட்டையர் ஆகற மனுஷன் காசு. யோசிச்சு எடுங்க.

ஜெலுத்தோங்_அக்கா:

தம்பி, அங்கிள் சொல்றது கணக்குக்கு சரி, ஆனா பையன் எப்படின்னும் பார்க்கணும். என் மகன் சியாட்டல் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டாவது வருஷம். இங்க ஸ்கூல்ல சிக்கு (டீச்சர்) கேள்வி கேட்டா தலைய குனிஞ்சிக்கிற பையன், அங்க போய் மூணு மாசத்துல வாத்தியார பேர் சொல்லி கூப்பிட்டு ஆபீஸ்ல போய் உட்கார்ந்து சந்தேகம் கேக்கறான். கிளாஸ்ல 30 பேர் தான், பக்கத்துல உட்கார்றவங்க பாதி பேர் வேலைக்கு போய்ட்டு வர்ற பெரியவங்க, ஒரு அம்மா ரெண்டு பிள்ளய வச்சிக்கிட்டு கால்குலஸ் படிக்கறாங்களாம், அவங்க தான் இவனுக்கு ஸ்டடி பார்ட்னர்.

கஷ்டமும் சொல்லணும்ல. அவன் இருக்கறது குவார்ட்டர் முறை, செமஸ்டர விட சின்ன டெர்ம், மூணாவது வாரமே மிட்டெர்ம் வந்துடுச்சு, எஸ்பிஎம் மாதிரி கடைசில முக்கி படிச்சிக்கலாம்னு இருந்தவனுக்கு முதல் குவார்ட்டர்ல ஒரு சி கிரேட். போன்ல அழுதான். ஒரு கிளாஸ டிராப் பண்ணிடலாம்னு இருந்தான், நல்ல வேள அதுக்கு முன்னாடி இண்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டான், 12 யூனிட்டுக்கு கீழ அவங்க அனுமதி இல்லாம இறங்கினா விசா நிலையே போயிடும்னாங்க. ஆன்லைன் கிளாஸும் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, அந்த 12ல ஒரே ஒரு பாடம் தான் சேர்த்துப்பாங்க.

ஹாஸ்டல் பெரும்பாலும் இருக்காது. முதல் ஆறு மாசம் ஹோம்ஸ்டே, அந்த வீட்டுக்கார பாட்டி நல்லவங்க தான் ஆனா ராத்திரி 6 மணிக்கு சாப்பாடு, அதுவும் சாலட்டு. 10 மணிக்கு மாமாக் கடைல ரொட்டி சானாய் சாப்பிட்ட பிள்ள என்ன பண்ணுவான். இப்ப மூணு பசங்களா ரூம் எடுத்து ரைஸ் குக்கர்லயே எல்லாம் பண்றான், சம்பால் போட்டோ அனுப்பறான், கலர் சரியில்ல.

பகுதி நேர வேலை செஞ்சு ஃபீஸ் கட்டிக்குவான்னு மட்டும் கணக்கு போடாதீங்க. காலேஜ் நடக்கும்போது கேம்பஸ் உள்ளயே வாரம் 20 மணி நேரம் தான், அதுவும் வேலை கிடைச்சா. என் மகன் லைப்ரரில செய்றான், கைச்செலவுக்கு ஆகுது. வெளிய கடைல கைல காசு வாங்கிட்டு வேலை செஞ்சா மாட்டுவாங்க.

பிறை_அண்ணன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரம் வரும்னு நினைக்கல. நேத்து ராத்திரி அப்பாவையும் தம்பியையும் உட்கார வச்சு பூச்சோங் ப்ரோ கணக்க அப்படியே பேப்பர்ல எழுதி காட்டினேன். தம்பி மூணாவது வருஷ நம்பர பார்த்துட்டு பேசவே இல்ல. அப்பா தான் "சரி, வேற வழி இருக்கான்னு கேளு"ன்னார்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, அசோசியேட் டிகிரி முடிச்சதும் அங்கயே கொஞ்ச நாள் வேலை பார்த்து காசு சேர்த்துட்டு அப்புறம் யூனிவர்சிட்டி போக முடியுமா? ரெண்டு, விசா இண்டர்வியூல கம்யூனிட்டி காலேஜ்னு சொன்னா ரிஜெக்ட் ஆகும்னு ஏஜெண்ட் பயமுறுத்தறார், உண்மையா?

பூச்சோங்_மச்சான்:

முதல் கேள்விக்கு, ஓபிடின்னு மாணவர் விசாவோட ஒரு வேலை அனுமதி இருக்கு, படிச்ச துறைல 12 மாசம் வேலை செய்யலாம். அசோசியேட்டுக்கு ஒரு தடவ, அதுக்கு மேல பேச்சிலர் முடிச்சா இன்னொரு தடவ கிடைக்கும், சிஎஸ் மாதிரி ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) பேச்சிலருக்கு மேல 24 மாசம் நீட்டிக்கலாம். கேக்க நல்லா இருக்கும். ஆனா ரெண்டு வருஷ படிப்ப காட்டி சாஃப்ட்வேர் வேலை வாங்கறது, என் கூட படிச்சதுல ஒருத்தன் முயற்சி பண்ணான், எட்டு மாசம் அப்ளிகேஷன் போட்டுட்டு கடைசில டிரான்ஸ்ஃபருக்கே போய்ட்டான். அத நம்பி பட்ஜெட் போடாதீங்க.

என் தம்பியா இருந்தா அங்கிள் சொன்ன வழில தான் அனுப்புவேன், இத்தனைக்கும் நான் போன வழி அது இல்ல. இல்ல அமெரிக்காவுக்கே தான்னா கலிபோர்னியா, சியாட்டல் ரெண்டையும் விட்டுட்டு வாடகை குறைஞ்ச ஸ்டேட்டா பாருங்க, பக்கத்து ஸ்டேட் யூனிவர்சிட்டியோட டிரான்ஸ்ஃபர் ஒப்பந்தம் இருக்கான்னு கேட்டு. கேஎல்ல (கோலாலம்பூர்) மேசீங்குற மலேசிய-அமெரிக்க கல்வி அமைப்போட ஆபீஸ் இருக்கு, அமெரிக்க அரசோட எஜுகேஷன்யூஎஸ்ஏ ஆலோசனை அங்க தான், ஏஜெண்ட பார்க்கறதுக்கு முன்னாடி அங்க பேசுங்க.

ஜெலுத்தோங்_அக்கா:

விசா விஷயம் நான் சொல்றேன் தம்பி. எங்க மகனும் கம்யூனிட்டி காலேஜ்னு தான் சொன்னான், கிடைச்சதே. காலேஜ் ஐ-20ங்குற சேர்க்கை ஃபார்ம அனுப்பினதும் செவிஸ்ங்குற மாணவர் பதிவு ஃபீஸ் 350 டாலர், அப்புறம் டிஎஸ்-160 விசா விண்ணப்ப ஃபார்ம், விசா ஃபீஸ் 185 டாலர். ரிஜெக்ட் ஆனாலும் விசா ஃபீஸ் திரும்பாது. ஃபார்ம்ல அஞ்சு வருஷமா வச்சிருந்த சோஷியல் மீடியா பேர் எல்லாம் கேக்கறாங்க, 2025ல இருந்து அக்கவுண்ட பப்ளிக்கா வைக்கவும் சொல்றாங்க, தம்பிகிட்ட இப்பவே சொல்லி வைங்க.

இண்டர்வியூ கேஎல்ல ஜாலான் துன் ரசாக் எம்பசில, பினாங்குல கிடையாது. ஆபீசர் மூணே கேள்வி கேட்டார். ஏன் இந்த காலேஜ், அடுத்து எங்க மாறப் போற, யார் காசு கட்டறா. மகன் ரெண்டாவது கேள்விக்கு யூனிவர்சிட்டி பேரு, மேஜர், எந்தெந்த பாடம் மாறும்னு எல்லாம் சொன்னான், நாலு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. அவனுக்கு முன்னாடி நின்ன பையன் "ஏஜெண்ட் போட்டாரு"ன்னு சொல்லிட்டு நின்னான், பாவம். படிப்பு முடிச்சு ஊருக்கு வருவேன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரணும், பேங்க் புக்குல நேத்து தான் திடீர்னு காசு வந்த மாதிரி இருக்கக் கூடாது, நிலம் வித்த காசுன்னா அந்த பத்திரத்தயும் கைல வச்சிக்கோங்க.

காலைல 8 மணிக்கு அப்பாயின்மெண்ட்னா பட்டர்வொர்த்ல இருந்து முதல் நாளே ஈடிஎஸ் ரயில் ஏறிடுங்க, கேஎல் சென்ட்ரல் நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும், ராத்திரி தங்கிட்டு எல்ஆர்டில அம்பாங் பார்க் இறங்கினா நடக்கற தூரம் தான். பெரிய பேக், லேப்டாப் எடுத்துட்டு போகாதீங்க. ஸ்கூல் லீவு சமயம்னா ஈடிஎஸ் டிக்கெட் கிடைக்கவே கிடைக்காது, அப்பாயின்மெண்ட் வந்த அன்னிக்கே போட்டுடுங்க.