2007 டூஸ்ட்ரோக் ஓட்டோவைக் கரண்டுக்கு மாத்தலாமா?

கொட்டாஞ்சேனை ஓட்டோ:
கராஜ் வேலை தெரிஞ்ச அண்ணன்மார் யாராவது இருந்தா பதில் சொல்லுங்க. என்கிட்ட இருக்கிறது 2007ல எடுத்த டூஸ்ட்ரோக் வண்டி. அடுத்த வருஷமே இந்த வகை வண்டி இறக்குமதியை நிறுத்திட்டாங்க. லீசிங் கட்டி முடிச்சு ரொம்ப நாளாச்சு. எங்க வீட்டுக்குச் சோறு போடுறது இதுதான். காலையில ஸ்கூல் ஹயர், பிறகு புறக்கோட்டை, ஜம்பட்டா வீதி, மட்டக்குளின்னு கிடைக்கிற ஓட்டம்.

சின்ன மகளுக்கு ஏழு வயசு, இழுப்பு இருக்கு. போன மாசம் ஸ்கூல் கேட்டுல வண்டியை ஸ்டார்ட்லயே வச்சிக்கிட்டு நின்னேன். அவ பின்பக்கமா சுத்தி வந்தா. சைலன்சர் வாய் கீழதான் இருக்கு, ஆனா புகை எழும்பி நேரா அவ முகத்துக்குப் போகுது. அந்த நீலப் புகை. பையை நெஞ்சோட அணைச்சு, வாயை இறுக்கி மூடி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்து ஏறினா. யாரும் சொல்லிக் கொடுக்கல. அவளாப் பழகியிருக்கா. எத்தனை நாளா அப்படி ஏறினாளோ, நான் கண்ணாடியில அன்னைக்குத்தான் பார்த்தேன். ராத்திரி நெபுலைசர் பிடிக்க வேண்டியதாப் போச்சு.

புகை டெஸ்டுக்கு முன்னால கார்பரேட்டரைக் கழுவி, பிளக் மாத்தினா பாஸ் ஆகுது. கொஞ்ச நாள்ல பழையபடிதான். 2022ல பெற்றோல் தட்டுப்பாடு வந்து, செட்டுல ரெண்டு ராத்திரி வண்டிக்குள்ளேயே படுத்தப்பவும், கியூஆர் கோடு காட்டினா வாரத்துக்கு 5 லீற்றர்னு கொடுத்தப்பவும் இந்த யோசனை வந்துச்சு. அப்போ பணம் இல்ல. இப்போ கொஞ்சம் சேர்த்திருக்கேன்.

நான் இருக்கிறது மாடி வீட்டு வாடகை. கரண்ட் மீட்டர் கீழ வீட்டுக்காரரோடது. மழை பெஞ்சா ஆமர் வீதியில முழங்கால் தண்ணி. இதெல்லாம் வச்சிக்கிட்டு மாத்தினா சரிவருமா?

பஞ்சிகாவத்தை வயரிங்:
தம்பி, மாத்தலாம். ஆனா முதல்ல உங்க வண்டியில என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்குங்க. டூஸ்ட்ரோக்ல பெற்றோலோட ஓயிலும் சேர்ந்து எரியுது. புதுக் கலவை உள்ள வரும்போது புகை போற வழியும் திறந்தே இருக்கும். அதனால ஒரு பங்கு எரியாமலே வெளிய போயிரும். எவ்வளவு டியூன் பண்ணினாலும் அந்த எஞ்சின் அமைப்பே அப்படித்தான்.

எஞ்சின், கியர், டிஃபரன்ஷியல் மூணும் ஒரே கட்டு. அதை இறக்கிட்டு, டிஃபரன்ஷியலோட வர்ற மோட்டாரைப் போடணும். காசு முழுக்க பட்டரியிலதான் போகும். நாலு லெட் அசிட் பட்டரி போட்டுத் தர்றேன், மலிவுன்னு சொல்லுவாங்க, போகாதீங்க. 12 வோல்ட் 100 ஆம்பியர் அவர்ல நாலு வச்சா 120 கிலோ கிட்ட வரும். அதுலயும் பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் செத்துப்போகும். அப்போ 40 கிலோமீற்றர் ஓடுறதே பெருசு. லிதியம் அயன் பொஸ்பேட் வாங்குங்க. 48 வோல்ட் 150 ஆம்பியர் அவர்னா ஏழு யூனிட், 70 கிலோவுக்குள்ள இருக்கும், நாளைக்கு 100 கிலோமீற்றர் வரை தாராளம்.

தண்ணிக்கு, மோட்டாரும் பட்டரிப் பெட்டியும் ஐபி67 தரமான்னு கேளுங்க. ஒரு மீற்றர் தண்ணியில அரை மணித்தியாலம் தாங்கும். வயர் மூட்டுத்தான் முதல்ல கெடும், அதனால மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுற கொன்ட்ரோலரை உயரத்துல கட்டச் சொல்லுங்க. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல பதிவுப் புத்தகத்தை மாத்தாம ரோட்டுல இறக்காதீங்க. விபத்துன்னா இன்ஷூரன்ஸ் கைவிரிச்சிரும்.

வெள்ளவத்தை:
எனக்கு ஒரு கேள்வி. அந்தக் கரண்ட் எங்கையிருந்து வருது? நுரைச்சோலையில 900 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரியுது. கொழும்புப் புகையைப் புத்தளம் பக்கம் அனுப்பிப்போட்டு சுத்தம் எண்டு சொல்லுறது சரியோ?

பஞ்சிகாவத்தை வயரிங்:
நியாயமான கேள்விதான். முழுக்க நிலக்கரிக் கரண்ட்ல ஓட்டினா கார்பன் கணக்குல லாபம் சின்னதுதான், மறைக்கல. ஆனா நம்ம கரண்ட்ல நீர் மின்சாரமும் இருக்கு, பகல்ல சோலாரும் இருக்கு. 2025 சித்திரைப் புத்தாண்டு லீவுல கரண்ட் மிஞ்சிப்போய், கூரைச் சோலாரைப் பகல்ல நிறுத்தி வைங்கன்னு மின்சார சபையே கேட்டுச்சே. அதனால தம்பி, சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்தரை வரை சார்ஜ் போடாதீங்க. அந்த நேரத்துலதான் எண்ணெய் எரிக்கிற நிலையங்களை ஏத்துவாங்க. ஸ்கூல் ஹயர் முடிஞ்சு அடுத்தது வரைக்கும் ஒரு இடைவெளி இருக்குமே, அந்த வெயில் நேரத்துல போடுங்க.

கிராண்ட்பாஸ் பெரியவர்:
நான் சின்னப் பையனா இருந்தப்போ கிராண்ட்பாஸிலிருந்து கோட்டைக்கு டிராம் ஓடிச்சு. 1899ல தொடங்கினது, 1960ல நிறுத்தினாங்க. கம்பியில கரண்ட் எடுத்து ஓடுற டிராலி பஸ்ஸும் 1964 வரைக்கும் இருந்துச்சு. மணிச் சத்தம் மட்டும்தான் கேக்கும். இந்த ஊர் ரோட்டுக்குக் கரண்ட் வண்டி புதுசில்ல மகன், தைரியமா மாத்துங்க.

கொட்டாஞ்சேனை ஓட்டோ:
எல்லாருக்கும் நன்றி. வயரிங் அண்ணே, நீங்க சொன்ன பிறகு ஒரு கிழமை வண்டி மீட்டரைப் பார்த்து நாள் ஓட்டத்தை எழுதினேன். கூடினது 88 கிலோமீற்றர், குறைஞ்சது 51. நூறைத் தாண்டவே இல்ல. பெரியவர் சொன்னதை மகளுக்கு வாசிச்சுக் காட்டினேன். நம்ம வண்டிக்கும் மணி வைப்பீங்களான்னு கேக்குறா.

கீழ வீட்டு ஐயாகிட்ட பேசினேன். தனி பிரேக்கர், எர்த் போட்டு, சின்ன மீட்டர் ஒண்ணும் வச்சு, ஓடுற யூனிட்டுக்குக் காசு கொடுத்தாப் போதும்னாரு. காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை வண்டி வாசல்லதான் நிக்கும். ரெண்டு கிலோவாட் சார்ஜர் போட்டா ஏழு யூனிட் கிட்ட ஏறிடும்ல?

ஞாயித்துக்கிழமை காலையில வண்டியோட பஞ்சிகாவத்தைக்கு வாறேன் அண்ணே. பின் சீட்டுக்குக் கீழ 70 கிலோ தாங்குமா, இல்ல சேசிக்குத் துண்டு வச்சு வெல்ட் பண்ணணுமான்னு ஒருக்கா அளந்து பாருங்க. அதுவரைக்கும் ஸ்கூல் கேட்டுக்கு அம்பது அடி முன்னாடியே எஞ்சினை ஓஃப் பண்ணிட்டு, வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் போறேன்.