'எரர் தியரி'க்கு ஒரு சொல்: பிழையா, வழுவா, திரிபா?

கொக்குவிலிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். முதலாம் வருட வகுப்புக்கான ஒழுக்கவியல் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் தடக்கி நிற்கிறேன்: மெய்யியலாளர் ஜே. எல். மக்கீ 1977இல் விரித்தெழுதிய 'எரர் தியரி' (error theory). அதற்குத் தமிழில் என்ன போடுவது?

"களவு கூடாது" என்னும்போது, யார் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்தக் கூடாமை உலகத்திலேயே இருப்பதாகச் சொல்கிறோம். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை; ஆகவே இக்கூற்றுகள் எல்லாம் பொய் என்பது மக்கீயின் வாதம். 1936இல் ஏயர் என்ற இன்னொரு மெய்யியலாளர் சொன்னது வேறு. அவருக்கு இவை வெறும் உணர்ச்சி வெளிப்பாடு, மெய்யுமில்லை பொய்யுமில்லை.

'பிழைக் கோட்பாடு' என்று எழுதினேன். "எது சரி, எது பிழை என்று சொல்லும் கோட்பாடா, மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவள் கேட்டது நியாயம். எங்கள் ஊரில் கணக்கு விடை மாறினாலும் பிழை, தாயைக் கைவிட்டாலும் பிழை. மக்கீயோ "கைவிட்டது பிழை" என்ற கூற்றே பிழை என்கிறார். ஒரே சொல் இரண்டு படியிலும் நின்றால் பிள்ளைகள் எதைப் பிடிப்பது?

அளவெட்டியிலிருந்து:

தங்கச்சி, 'வழு' இருக்கிறதே. திணைவழு, பால்வழு படித்த பிள்ளைகள்தானே. இலக்கணத்தில் வழு என்றால் சொன்னவன் கெட்டவன் என்றில்லை. சொல் பொருளோடு பொருந்தவில்லை, அவ்வளவுதான். மக்கீ சொல்வதும் அதுவே.

இன்னொன்று, வழுவமைதி: வழுவென்றாலும் காரணம் பார்த்து ஏற்றுக்கொள்வது. ஒரு பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன திணைவழு, ஆனால் உவப்பினால் வந்ததென்று நன்னூல் அமைத்துக்கொள்கிறது. மக்கீயும் ஒழுக்கப் பேச்சை விடச் சொல்லவில்லை. ஒழுக்கம் கண்டுபிடிக்கும் பொருளல்ல, நாம் ஆக்கிக்கொள்வது என்றார். வழு என்று தெரிந்தும் பேச்சை வைத்துக்கொள்ளலாம் என்று பின்வந்தோர் வாதிட்டதற்கும் சொல் தயாராக இருக்கிறது.

வழு, வழுவு, வழுக்கு, வழுக்கை எல்லாம் ஒரே அடி. எங்கள் வழுக்கையாறும் அதுதான் என்பது என் நெடுநாள் எண்ணம். மாரியில் வழுவி ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிறது. கோடையில் ஆறென்று காட்ட ஒன்றுமில்லை.

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணை, ஆறு இருக்கட்டும். 'நெறி வழுவினான்' என்று சொல்கிறோமே, அது ஒழுக்கப் பேச்சில்லையா? குறள் 139இல் "வழுக்கியும் வாயாற் சொலல்" என்று வருவது ஒழுக்கமுடைமை அதிகாரத்திலேயே. நான் 'திரிபு' என்பேன். சைவ சித்தாந்த அளவையில், அதாவது எது சரியான அறிவு என்று ஆராயும் பகுதியில், ஐயம், திரிபு என்று பிரித்திருக்கிறார்கள். பழுதையை, அதாவது வைக்கோற் கயிற்றை, பாம்பென்று காண்பது திரிபு.

நல்லூரிலிருந்து:

திரிபு சரிவராது. வேறெங்கோ மெய்யான பாம்பைக் கண்டவன்தான் பழுதையைப் பாம்பென்பான். மக்கீயின் உலகத்தில் பாம்பே கிடையாது.

என் வாக்கு 'பிழை'க்கு. மயக்கத்தை ஒரு வசனத்தில் தீர்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், பெரிய பணி. ஆனால் அவர் காலத்துச் சொற்களில் எத்தனை இன்று நோயாளியின் வாயில் வருகின்றன? சனம் சொல்லுகிற சொல்லை விட்டுவிட்டு இலக்கண வகுப்புக்குள் போய் ஒளிக்கக் கூடாது.

கொக்குவிலிலிருந்து:

ஐயா, சனம் சொல்லுகிற சொல் என்பதால்தான் எனக்கு இடைஞ்சல். அந்தப் பொருள் பிள்ளைகளின் வாயில் ஏற்கனவே ஊறிவிட்டது. 'நெறி வழுவுதல்' பற்றிய எச்சரிக்கையும் சரிதான், ஆனால் வழுவுதல் ஒழுக்கத்தை நினைவூட்டுகிற அளவுக்கு வழு நினைவூட்டுவதில்லை. மூன்று பேர் தனிமடலிலும் வழு என்றே எழுதினார்கள். 'வழுக் கோட்பாடு' என்று போடுகிறேன். பசுவும் அம்மையும் கீழே ஒரு பெட்டிக்குள் வரும்.

நல்லூரிலிருந்து:

போடுங்கோ பிள்ளை. என் வகுப்பில் நான் பிழைக் கோட்பாடு என்றே சொல்வேன்.