தோல் இருக்கையில் தடவும் கண்டிஷனர் உள்ளே போகிறதா, போகவில்லையா?

கொங்குச்சாரதி:
பழைய காரின் தோல் இருக்கை விறைத்துப்போய்விட்டது, எதைப் போட்டுத் துடைப்பது என்று நேற்று ஒரு புதிய உறுப்பினர் இங்கே கேட்டிருந்தார். அதற்கு மதுரை மருதன் அவர்கள், ‘கடையில் விற்கும் கிளீனர், கண்டிஷனர் அத்தனையும் வீண் செலவு, மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் தோல் அதைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும்’ என்று பதில் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கோயம்புத்தூரில் 2011 முதல் ஒரே காரை வைத்திருக்கிறேன். அதன் வெளிர்பழுப்புத் தோல் இருக்கைகளில் இன்றுவரை ஒரு வெடிப்புக்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலில் கிளீனர், பிறகு லானோலின் கலந்த கண்டிஷனர் என்று தவறாமல் செய்துவருவதுதான் அதற்குக் காரணம். விவரம் தெரியாமல் கேட்கும் ஒருவரிடம் சமையலறை எண்ணெயைக் கையில் எடுக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல். உள்ளே போக வேண்டியது தோலுக்கென்றே செய்யப்பட்ட கண்டிஷனர். அது பதினைந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுவதை நான் என் கண்ணால் பார்த்துவருகிறேன்.

மதுரை மருதன்:
‘பொறுப்பற்ற செயல்’ என்று எழுதுவதற்கு முன் சாரதி அவர்கள் யோசித்திருக்க வேண்டும். மாட்டுவண்டியின் தோல் வாரையும் தம்முடைய செருப்பையும் எண்ணெய் போட்டே காப்பாற்றியவர் என் தாத்தா; அந்த வார் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் வளைந்து கொடுக்கும் நிலையில் இருக்கிறது. நீங்கள் பெருமையாகச் சொல்லும் லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. வெளிநாட்டுக்காரர்கள் குதிரைச் சேணத்துக்குப் போடும் எண்ணெய், மாட்டின் கால் எலும்பைக் காய்ச்சி எடுப்பது. ஆட்டுக் கொழுப்பும் மாட்டு எண்ணெயும் தோலுக்குள் போகுமாம், தேங்காய் எண்ணெய் மட்டும் வாசலிலேயே நின்றுவிடுமாம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? எண்ணெய் உள்ளே போகிறது. மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் மேலே பிசுக்கு இருப்பதில்லை.

ஆம்பூர்க்காரன்:
இரண்டு பேரும் தவறான இடத்தில் நின்றுகொண்டு சண்டை போடுகிறீர்கள். இருபத்தேழு ஆண்டுகள் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணெயும் உள்ளே போகவில்லை, கண்டிஷனரும் உள்ளே போகவில்லை.

தோலுக்கு மென்மை எங்கே வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போதே, சுழலும் டிரம்முக்குள், தண்ணீரில் கலக்கும்படி மாற்றப்பட்ட எண்ணெயைச் சுடுநீரோடு சேர்த்து ஓட்டுவோம். அந்த எண்ணெய்தான் நாரோடு நார் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. அதன்பிறகு உலர்த்தி, தட்டி மென்மையாக்கி, மேலே நிறப்பூச்சை அடித்து, கடைசியாகப் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு ஒன்றையும் ஏற்றுகிறோம். இன்று கார்களில் வரும் தோலில் மிகப் பெரும்பகுதி இப்படிப் பூச்சு ஏறியது. நீங்கள் கையால் தொடுவது தோலை அல்ல, அந்தப் பூச்சைத்தான். கதவைப் பூட்டியபிறகு வெளியே நின்று விருந்து பரிமாறுவதால் உள்ளே இருப்பவருக்குப் பசி ஆறாது.

மருதன் அவர்களின் தாத்தா செய்தது முழுக்கச் சரி. அவர் காலத்து வாரும் செருப்பும் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட, மேற்பூச்சு இல்லாத தோல். அது எண்ணெயைக் குடிக்கும். உங்கள் காரின் இருக்கை அந்தத் தோல் அல்ல.

சந்தேகம் இருந்தால் ஒரு துளித் தண்ணீரை இருக்கையின் மேல் விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் முத்துப்போல நின்றால் பூச்சு இருக்கிறது என்று பொருள். ஊறி அந்த இடம் கறுத்தால் அது அனிலின் வகை, அதாவது இப்படிப் பூச்சு ஏறாத தோல்; அங்கே உங்கள் வாதம் வேறு.

கொங்குச்சாரதி:
ஆம்பூர்க்காரர் அவர்களே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் ஷூவுக்கான மேல்தோல் செய்தவர் என்பது முன்பொருமுறை நீங்களே எழுதியது. ஷூ வேறு, கார் இருக்கை வேறு. என் கேள்வி ஒன்றுதான்: தடவிய கண்டிஷனர் பதினைந்து நிமிடத்தில் காணாமல் போகிறதே, அது எங்கே போகிறது? உள்ளே போகவில்லை என்றால் மேலேயே அல்லவா இருக்க வேண்டும்?

சிவகாமி_துரைப்பாக்கம்:
ஒரு சிறு விளக்கம் கேட்கிறேன். என் காரை வாங்கும்போது ‘லெதரெட்’ என்று எழுதியிருந்தார்கள். அது தோலா, ரெக்சினா? நீங்கள் மூவரும் பேசுவது எந்த வகை இருக்கையைப் பற்றி என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஆம்பூர்க்காரன்:
சாரதி அவர்களே, ஷூ தோலில் இருந்தது என் முதல் பதினெட்டு ஆண்டுகள். கடைசி ஒன்பது ஆண்டுகள் ராணிப்பேட்டையில் இருக்கைத் தோலுக்கான ஃபினிஷிங் பிரிவில்தான் இருந்தேன். பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு என் தொழிலைக் குறைத்துப் பேச வேண்டாம்.

காணாமல் போவது தண்ணீர். உங்கள் புட்டியில் இருக்கும் கண்டிஷனரில் பெரும்பங்கு தண்ணீர்தான். எண்ணெயும் மெழுகும் அதில் கலந்து நிற்கும் பால் போன்ற பொருள் அது. தண்ணீர் காற்றில் ஆவியாகிறது. மிச்சம் இருக்கும் மெல்லிய படலத்தில் கொஞ்சம் நீங்கள் துடைக்கும் துணிக்குப் போகிறது, கொஞ்சம் பூச்சின் மேலேயே நிற்கிறது, கொஞ்சம் அடுத்த நாள் உட்காருபவரின் சட்டைக்குப் போகிறது. உள்ளே போகவில்லை.

மதுரை மருதன்:
சரி, கண்டிஷனரில் தண்ணீர் இருக்கிறது, ஆவியாகிறது, ஒப்புக்கொள்வதாகவே வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெயில் தண்ணீர் இல்லையே. அது எங்கே ஆவியாகும்? மறுநாள் பிசுக்கு இல்லை என்று எழுதினேன். அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. உள்ளே போகிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆம்பூர்க்காரன்:
சொல்கிறேன். உங்கள் இருக்கையில் சிறு துளைகள் போட்ட பகுதி இருக்கிறது, தையல் இருக்கிறது. எண்ணெய் அந்தத் துளை வழியாகவும் தையல் நூல் வழியாகவும் இறங்கி அடியில் இருக்கும் பஞ்சுமெத்தைக்குப் போகிறது. அதை ‘தோல் குடித்தது’ என்று நீங்கள் நினைக்கிறீர்கள். காற்று வீசும் வசதி உள்ள இருக்கையாக இருந்தால் அந்த எண்ணெய் கீழே இருக்கும் விசிறி வரைக்கும் போய்த் தூசியைச் சேர்த்து அடைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கார்த் தோலுக்கென்று தனியே ஒரு சோதனை உண்டு. தோலைச் சூடாக்கி, அதிலிருந்து கிளம்பும் ஆவி மேலே குளிர்ந்த கண்ணாடியில் எவ்வளவு படிகிறது என்று பார்ப்பார்கள். வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடி உள்பக்கம் மங்கிப்போகக் கூடாது என்பதற்காக, எளிதில் ஆவியாகாத எண்ணெய்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து டிரம்மில் போடுகிறோம். அத்தனை கவனமாகச் செய்த தோலின் மேல் கைக்குக் கிடைத்த எண்ணெயைப் பூசுகிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

கொங்குச்சாரதி:
எண்ணெய் விஷயத்தில் ஆம்பூர்க்காரர் என் பக்கம்தான் நிற்கிறார் என்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் எங்கள் ஊரில் புட்டியைக் கவிழ்த்தாலும் வராது. அப்படிப்பட்ட எண்ணெய் தையல் இடுக்கில் வெள்ளையாகப் படிவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கண்டிஷனர் வேறு. எந்தப் பூச்சும் நூற்றுக்கு நூறு அடைப்பாக இருக்காது. உட்காரும்போது வியர்வையின் ஆவி அதன் வழியாகப் போய்வருகிறது என்று தோல்காரர்களே சொல்வார்கள். ஆவி போகும் வழியில் கண்டிஷனர் போகாதா? உள்ளே போகிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வெடிக்காத என் இருக்கையே சாட்சி.

மதுரை மருதன்:
சாட்சி சொல்பவரின் பின்னணியையும் புதியவர்கள் தெரிந்துகொள்ளட்டும். கடந்த ஆண்டு இதே குழுவில் கூட்டுக் கொள்முதல் என்று சொல்லி முப்பது பேரிடம் பணம் வசூலித்துக் கண்டிஷனர் புட்டிகள் வரவழைத்தவர் சாரதி. எனக்கு வந்த புட்டியின் மூடி உடைந்து பாதிதான் இருந்தது. இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. புட்டி விற்றவர் புட்டியை விட்டுக்கொடுப்பாரா?

கொங்குச்சாரதி:
அந்தக் கொள்முதலில் எனக்கு ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை. கணக்கை அன்றே வெளியிட்டிருக்கிறேன். உடைந்தது கூரியரில். மாற்றுப் புட்டி தருகிறேன் என்று எழுதினேன். தேங்காய் எண்ணெயே போதும், வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள். மூடி உடைந்ததற்கும் கண்டிஷனர் தோலுக்குள் போவதற்கும் என்ன தொடர்பு?

ஆம்பூர்க்காரன்:
உங்கள் புட்டிக் கணக்கைத் தனியே தீர்த்துக்கொள்ளுங்கள். சாரதி அவர்கள் ஆவியையும் எண்ணெயையும் ஒன்றாக்குகிறார். ஆவி போகும் நுண்துளையில் கொழுப்பும் மெழுகும் போகாது. போகும் என்றால் பூச்சே பயனற்றது. உங்கள் இருக்கை வெடிக்காததற்குக் காரணம், கண்டிஷனர் போடுவதற்கு முன்னால் நீங்கள் போட்ட கிளீனர். அதை மட்டும் நீங்கள் ஒருமுறைகூடப் பாராட்டவில்லை.

இருக்கை எங்கே முதலில் வெடிக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பில். வியர்வையும் உடம்பு எண்ணெயும் தூசியும் அங்கே படிந்து, ஒவ்வொரு முறை உரசும்போதும் உப்புத்தாள் போலப் பூச்சை அரைக்கின்றன. தலை சாயும் இடத்தில் தலைக்கு வைத்த எண்ணெய் படிந்து பூச்சைத் தளர்த்துகிறது. (தேங்காய் எண்ணெய் பூச்சுக்கு என்ன செய்யும் என்பதை மருதன் அவர்கள் தம் தலைச்சாய்வைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.) ஆகவே அந்தப் புதிய உறுப்பினருக்கு நான் சொல்வது, காசு செலவழிப்பதென்றால் கிளீனருக்குச் செலவழியுங்கள் என்பதுதான். பதனிட்ட தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது. அதனால் காரம் மிகுந்த பாத்திரச் சோப்பும், தரை துடைக்கும் திரவமும், துணிச் சோப்பும் வேண்டாம். சேணச் சோப்பும் வேண்டாம், அது பூச்சில்லாத சேணத்துக்கு உரியது. காரத்தன்மை இல்லாத, தண்ணீரில் கரையும், தோலுக்கான கிளீனரை நேரே இருக்கையில் பீய்ச்சாமல் மென்மையான பிரஷ்ஷில் எடுத்து நுரை கட்டித் தேய்த்து, ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து எடுங்கள். கறையை எடுக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சு உண்மையில் நுண்ணிய உப்புத்தாள். அது கறையோடு பூச்சையும் எடுத்துவிடும். கொரோனா காலத்தில் சானிடைசர் தெளித்துத் துடைத்தே நிறம் உரிந்த இருக்கைகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. புது ஜீன்ஸின் நீலம் வெளிர்நிற இருக்கையில் ஏறினால் அந்த வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். வெயிலில் ஊறினால் பிறகு வராது.

அதற்கு மேல் ஏதாவது தடவியே ஆக வேண்டும் என்றால், பளபளப்பு ஏறாத, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பாதுகாப்புப் பூச்சு ஒன்றைத் தடவுங்கள். அது மேலே நிற்பதற்காகவே செய்யப்பட்டது. உள்ளே போகிறது என்று பொய் சொல்லாதது.

கொங்குச்சாரதி:
‘பொய்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. கண்டிஷனர் போட்ட மறுநாள் இருக்கை மென்மையாக இருக்கிறது; என் மனைவியும் அதையே சொல்கிறார்.

ஆம்பூர்க்காரன்:
பொய் சொல்வது புட்டியின் மேல் ஒட்டிய தாள். உங்களைச் சொல்லவில்லை. மேற்பரப்பு வழுக்கலாக ஆவதை மென்மை என்று கை எடுத்துக்கொள்கிறது. நீர்த்துளிச் சோதனை செய்தீர்களா, இல்லையா?

கொங்குச்சாரதி:
செய்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் துளி அப்படியே நின்றது. ஆனால் அது வெறும் தண்ணீர். கண்டிஷனர் வெறும் தண்ணீர் அல்ல.

ஆம்பூர்க்காரன்:
தண்ணீரே போகாத இடத்தில் அதைவிடக் கனத்த மெழுகு போகிறது என்கிறீர்கள்.

மதுரை மருதன்:
தண்ணீர் போகாது, எண்ணெய் போகும். நான் முதலிலிருந்து சொல்வது அதுதான். நாளை ஞாயிற்றுக்கிழமை, பின் இருக்கைக்கும் சேர்த்துத் தடவிப் படம் போடுகிறேன்.

சிவகாமி_துரைப்பாக்கம்:
லெதரெட்டைப் பற்றி யாராவது சொல்வீர்களா?

ஆம்பூர்க்காரன்:
அம்மா, அது பி.வி.சி. அல்லது பாலியூரிதேன் பூசிய துணி. கண்டிஷனர் எதுவும் வேண்டாம், எண்ணெய் கூடவே கூடாது. மிதமான கிளீனரும் ஈரத்துணியும் போதும். தோல் இருக்கை என்று விற்கும் பல கார்களிலும் உட்காரும் இடம் மட்டும் தோல், பக்கவாட்டும் முதுகுப்புறமும் இதுதான். மருதன் அவர்களே, படம் போடுவதென்றால் தடவுவதற்கு முன்பு எடுத்த படத்தையும் தையல் ஓரத்தின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

கொங்குச்சாரதி:
என் இருக்கையின் பக்கவாட்டும் தோல்தான். வாங்கிய ரசீது இருக்கிறது. நாளை அதையும் பதிவேற்றுகிறேன்.