மாவட்ட மனநலத் திட்டம் யாருடைய பொறுப்பு? (தருமபுரி - கிருஷ்ணகிரி பொது விவாதம்)

பென்னாகரத்தான்:
ஓசூர் போக்குவரத்து நெரிசல் பற்றிய இழையில் 'ஓசூர்வாசி' போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: "தமிழ்நாட்டு அரசுக்கு மனநலம் என்றால் கீழ்ப்பாக்கம் ஒன்றுதான். மாவட்டங்களில் நடப்பதெல்லாம் மத்திய அரசுத் திட்டம். மாநிலத்துக்கு அதில் வேலையே இல்லை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் தனி இழை.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாதாமாதம் அவனைக் கூட்டிப் போய், ஓ.பி. சீட்டு எடுத்து, வரிசையில் நிற்பவன் நான். அந்த ஆஸ்பத்திரி மாநில அரசுடையது. அங்கே தருகிற மாத்திரையை வாங்கி அனுப்புவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அது 1994இல் இந்த மாநிலமே தொடங்கிய நிறுவனம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையம் இருக்க வேண்டும், சுகாதாரத் துறைச் செயலாளர்தான் அதற்குத் தலைவர். தனியார் ஒரு மனநலக் காப்பகம் நடத்துவதென்றாலும் அந்த ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். வேலையே இல்லை என்று எப்படி எழுத முடிந்தது?

ஓசூர்வாசி:
எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றப் போவதில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. அதன் கீழ் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. இரண்டும் மத்திய அரசு கொண்டுவந்தவை. பணம் வருவது தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக, இரண்டு அரசும் 60:40 என்று பங்கு போடுகிற கணக்கில். அந்த அறுபது யாருடையது? அதைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

பென்னாகரத்தான்:
அறுபது கொடுக்கிறவர் பாலக்கோட்டுக்கு வந்து ஊசி போடுவதில்லை. ஆஸ்பத்திரிகள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று முதலில் பாருங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். தாலுகா ஆஸ்பத்திரிகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ். மூன்றுக்கும் தலைமை சென்னையில். நோயாளி மட்டும் ஒரே ஆள்.

அவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம், தெளிந்து வீட்டுக்கு வருகிறான். அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரவில்லை என்றால் அது யாருக்குத் தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அவன் பெயர் அவனுடைய ஊர்ச் செவிலியரின் பதிவேட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு மாதம் மாத்திரை விட்டுப்போனால் மறுபடியும் தூக்கமில்லாமல் நடப்பான், தனக்குத்தானே பேசுவான், பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொண்டுவருவார்கள். அப்புறம் திரும்ப முதலிலிருந்து. இது என் வீட்டில் நடந்தது. இந்த மூன்று இயக்ககங்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிற அதிகாரம் மாநிலச் செயலாளருக்குத்தான் உண்டு. டெல்லிக்கு இல்லை.

ஓசூர்வாசி:
இவ்வளவு எழுதியும் அறுபது யாருடையது என்று வரவில்லை.

காவேரிப்பட்டணம் சிஸ்டர்:
பென்னாகரத்தார் தம்பியின் நிலைமைக்கு வருத்தப்படுகிறேன். ஆனால் ஊர்ச் செவிலியர் மேல் பழி போடுவதை ஏற்க மாட்டேன். நான் ஓய்வு பெற்ற அரசுச் செவிலியர். மனச்சிதைவு நோய்க்கு மாதம் ஒரு முறை போடுகிற ஃப்ளூஃபெனசின் ஊசிக்கு வராதவர்களை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தவள். மனநலத் திட்டத்தில் இருக்கிற உளவியலாளரும் சமூகப் பணியாளரும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். வேறு வேலை கிடைத்தால் போய்விடுகிறார்கள். புதிதாக வருகிறவருக்கு நோயாளியின் முகமே தெரியாது. அதைக் கேளுங்கள்.

பென்னாகரத்தான்:
சிஸ்டர், நான் செவிலியரைக் குறை சொல்லவே இல்லை. அவர் பதிவேட்டுக்குப் பெயர் போய்ச் சேரவில்லை என்றுதான் எழுதினேன். இன்னொரு முறை படியுங்கள்.

காவேரிப்பட்டணம் சிஸ்டர்:
படித்துவிட்டுத்தான் எழுதினேன். "ஊர்ச் செவிலியரின் பதிவேடு" என்று எழுதினால் படிக்கிறவர் யாரைக் குற்றம் சொல்வார்?

அரூர் வழக்கறிஞர்:
ஒரு சட்டத் தகவல். பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 6ஆவது பதிவு. மனநோயும் மனநோயாளிகளுக்கான சிகிச்சை இடங்களும் பொதுப்பட்டியலில் 16ஆவது பதிவு. அதனால்தான் நாடாளுமன்றம் 2017இல் சட்டம் போட முடிந்தது.

ஓசூர்வாசி:
பொதுப்பட்டியல்! வழக்கறிஞரே சொல்லிவிட்டார். சட்டமும் மத்திய அரசுடையது, பணத்தில் அறுபதும் மத்திய அரசுடையது. இன்னும் என்ன பேச்சு?

பென்னாகரத்தான்:
பொதுப்பட்டியல் என்றால் இரண்டு அரசுக்கும் அதிகாரம் உண்டு என்று பொருள். ஒருவர் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்று பொருள் இல்லை. சட்டத்தின் 18ஆவது பிரிவைப் படித்தீர்களா? அரசு நடத்துகிற, அல்லது அரசு நிதி தருகிற மனநல சேவை ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். மாவட்டத்தில் குறைந்தபட்ச சேவை இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் எடுக்கிற சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தர வேண்டும். ஒரு மாதம் மாத்திரை இல்லையென்று சீட்டில் எழுதி வெளியே வாங்கச் சொன்னால், நான் போய் நிற்பது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் (ஜே.டி.) அலுவலகத்திலா, டெல்லியிலா?

அரூர் வழக்கறிஞர்:
அதே சட்டத்தில் மனநல மறுஆய்வு வாரியம் என்றும் ஒன்று உண்டு. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைவர், ஆட்சியரின் பிரதிநிதியும் மனநல மருத்துவரும் உறுப்பினர்கள், நோயாளிகள் தரப்பிலிருந்தும் இரண்டு பேர். நோயாளியின் உரிமை மீறப்பட்டாலோ, சேவையில் குறை இருந்தாலோ அங்கே மனு போடலாம்.

பென்னாகரத்தான்:
அந்த வாரியத்தை அமைப்பது யார்? மாநில ஆணையம். மறுபடியும் மாநிலம்தான்.

ஓசூர்வாசி:
அமைக்கச் சொல்வது மத்தியச் சட்டம். 60:40. எத்தனை தடவை எழுதுவது? நாங்கள் நேராக பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறோம். அதுவும் மத்திய அரசு நிறுவனம். கீழ்ப்பாக்கத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் எங்கள் பக்கம் பாதிப் பேர் தெருவில் இருப்பார்கள்.

பென்னாகரத்தான்:
ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நகரப் பேருந்து மாதிரி வண்டி ஓடுகிறது. அஞ்செட்டிக்காரரையும் சித்தேரி மலைக்காரரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் கூலி போய், துணைக்கு வருகிறவரின் கூலியும் போய், நோயாளி வழியில் இறங்கி ஓடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உங்கள் வசதியை இரண்டு மாவட்டத்துக்கும் விதியாக எழுதாதீர்கள். ஒகேனக்கல் தண்ணீர் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

ஓசூர்வாசி:
ஒகேனக்கலை எதற்கு இழுக்கிறீர்கள்? 2004இல் எங்கள் மாவட்டம் பிரிந்ததிலிருந்து தருமபுரிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5இல் எங்கள் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா?

பென்னாகரத்தான்:
நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைத் தொடங்கியது யார்? மாநில அரசு! சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்க முடிந்த அரசுக்கு, மனச்சிதைவு நோயாளிக்கும் அதே பட்டியலில் ஒரு வரி சேர்க்க முடியாதா என்றுதான் கேட்கிறேன். உங்கள் வாதத்துக்கு நீங்களே பதில் கொடுத்துவிட்டீர்கள்.

ஓசூர்வாசி:
சாமனப்பள்ளியைப் பெருமைக்குச் சொன்னேன், உங்கள் வாதத்துக்குத் துணையாகச் சொல்லவில்லை. திரிக்காதீர்கள்.

தென்பெண்ணை:
இரண்டு பேரும் சென்னை-டெல்லி கணக்கில் இருக்கிறீர்கள். தொப்பூரிலிருந்து ஓசூர் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் அழுக்குத் துணியோடு நடக்கிறவர்களைப் பற்றி யாராவது எழுதினீர்களா? மொழி தெரியாத ஆட்கள், எந்த லாரியில் ஏறி வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அரூர் வழக்கறிஞர்:
அதற்கு அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு 100. சுற்றித் திரிகிறவரைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

பென்னாகரத்தான்:
காவல்துறை யாருடையது? மாநில அரசுடையது. ஏர்வாடியை மறந்துவிட்டீர்களா? 2001 ஆகஸ்ட் 6. அங்கே தனியார் மனநலக் காப்பகத்தில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டியிருந்த நிலையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். உரிமம் இல்லாமல் காப்பகம் நடத்தக் கூடாது என்று அப்போதே 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. உரிமம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டியது மாநிலத்தின் அதிகாரிகள். பார்க்கவில்லை. சட்டத்தை டெல்லி எழுதும், கண்காணிக்க வேண்டியது இங்கே இருக்கிறவர்கள். நாம் கேட்காவிட்டால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். "மாநிலத்துக்கு வேலை இல்லை" என்று நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு முறையும் அந்த அதிகாரிகளுக்குத்தான் வசதி. அதனால்தான் இவ்வளவு கோபம்.

காவேரிப்பட்டணம் சிஸ்டர்:
ஏர்வாடிக்குப் பிறகு நிறைய மாறியது. அதையும் எழுத வேண்டும். 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைத்தால் தமிழிலேயே ஆலோசகர் பேசுகிறார். விஷம் குடித்து வருகிறவர்களைக் காப்பாற்றியதும் வீட்டுக்கு அனுப்பிய காலம் உண்டு. நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் எங்கள் வார்டில் மனநல மருத்துவர் பார்க்காமல் அனுப்பவில்லை. எல்லாவற்றையும் சூனியமாகக் காட்டாதீர்கள்.

பென்னாகரத்தான்:
14416 மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த டெலிமானஸ் எண்.

ஓசூர்வாசி:
ஆஹா, நீங்களே எழுதிவிட்டீர்கள்! மத்திய அரசு!

பென்னாகரத்தான்:
எண் அவர்களுடையது, அழைப்பை எடுத்துப் பேசுகிறவர்கள் இங்கே இருக்கிறவர்கள். பாதி வரியைப் படித்துவிட்டுக் குதிக்க வேண்டாம்.

காவேரிப்பட்டணம் சிஸ்டர்:
என் கருத்துக்கு வந்த பதிலில் என் கருத்தே இல்லை. செவிலியர் விஷயத்தில் இன்னும் விளக்கம் வரவில்லை.

பென்னாகரத்தான்:
சிஸ்டர், இரண்டு முறை விளக்கிவிட்டேன்.

காவேரிப்பட்டணம் சிஸ்டர்:
ஒரு முறைதான் எழுதினீர்கள். அதுவும் என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னீர்கள்.

தென்பெண்ணை:
நெடுஞ்சாலைப் பேச்சு அதற்குள் போய்விட்டதா?

ஓசூர்வாசி:
நான் கேட்டது ஒரே கேள்வி. 60:40இல் அறுபது யாருடையது? இரண்டு நாளாகப் பதில் இல்லை.

பென்னாகரத்தான்:
அறுபது மத்திய அரசுடையது என்று இந்த இழையில் யாரும் மறுக்கவில்லை. மீதி நாற்பதும், ஆஸ்பத்திரிக் கட்டடமும், மருத்துவக் கல்லூரி டாக்டர் சம்பளமும், மாத்திரைக் கொள்முதலும், காப்பகப் பதிவும், போலீஸும் யாருடையது? அதற்கு நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஜே.டி. அலுவலகத்துக்கும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் மனு எழுதி வைத்திருக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கம் மாத்திரை கிடைக்காமல் திரும்பியவர்கள் தனிச்செய்தியில் தேதியும் மாத்திரைப் பெயரும் அனுப்புங்கள். சேர்த்துக் கொடுக்கிறேன்.

ஓசூர்வாசி:
மனுவில் 60:40 பற்றியும் எழுதுங்கள்.