மறுமொழி: ‘நிபந்தனையற்ற அன்பு’ – வேறு சொல் உண்டா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். கடவுளின் அன்பைக் குறிக்க நம் வேதபாட நூல்களில் ‘நிபந்தனையற்ற அன்பு’ என்பதற்குப் பதிலாக வேறு சொல் வைக்கலாமா என்ற கேள்விக்கு வந்த கருத்துகளுக்கு இது என் பதில். அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுதியவரின் ஊர்.

> மேடையில் எல்லாரும் ‘நிபந்தனையற்ற அன்பு’ என்று சொல்லிப் பழகியாயிற்று. இனி எதற்குப் புதுச் சொல்? (கிள்ளான்)

அண்ணே, பழகியது உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பாடம் நடத்திப் பாருங்கள். நிபந்தனை என்றதும் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது வங்கிக் கடன் படிவம். கடவுளின் அன்பில் என்ன இல்லை என்று அந்தச் சொல் சொல்கிறது. என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. இளையோர் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “அப்படின்னா கடவுள் நம்மகிட்ட எதையும் கேக்க மாட்டாரு, சரிதானே?” என்றான். யோவான் 13:34 கேட்கிறதே! ‘நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல நீங்களும் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்.’ அதைக் கட்டளை என்றே இயேசு சொல்கிறார். அன்பைப் பெறுவதற்கு விலை கிடையாது. பெற்றவனுக்கு வேலை உண்டு. இந்த இரண்டையும் தாங்குகிற சொல்தான் வேண்டும்.

> புதிய ஏற்பாட்டில் அன்புக்கு வரும் கிரேக்கச் சொல்லை அப்படியே ‘அகாப்பே’ என்று எழுதிவிடலாம். (ஈப்போ)

எழுதலாம். எங்கள் சபைப் பாட்டி ஒருவர் அதை ‘அகப்பை’ என்றே கேட்டுவிட்டு, ஆராதனைக்கு அப்புறம் சாப்பாடு உண்டு என்று காத்திருந்தார். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கே நாம் நினைக்கிற தனிப் புனிதம் கிடையாது. சுவீடனின் லுத்தரன் ஆயர் ஆண்டர்ஸ் நீக்ரன் 1930களில் அகாப்பேயை ஒரு பக்கமும் ஈரோஸை (வேட்கைக் காதலை) மறுபக்கமும் நிறுத்திப் பெரிய நூலே எழுதினார். ஆனால் 2 சாமுவேல் 13இல் அம்னோன் தாமார்மேல் கொண்ட கேடுகெட்ட மோகத்துக்கும் பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அகாப்பேயின் வினையைத்தான் போட்டிருக்கிறது. 2 தீமோத்தேயு 4:10இல் தேமா உலகத்தை விரும்பிப் போனதற்கும் இதே வினைதான். அங்கே நம் பழைய தமிழ் வேதாகமம் ‘ஆசைவைத்து’ என்று எழுதியது. மொழிபெயர்த்தவர்களுக்குக் காது இருந்தது.

யோவான் 21ஐயும் பாருங்கள். இயேசு முதல் இரண்டு முறை ‘அன்பாயிருக்கிறாயா’ என்று கேட்க, பேதுரு ‘நேசிக்கிறேன்’ என்கிறான். மூன்றாம் முறை இயேசுவே ‘நேசிக்கிறாயா’ என்று கேட்கிறார். கிரேக்கத்தில் இருக்கிற இரண்டு வினைகளையும் தமிழ் பிரித்துக் காட்டிவிட்டது. பேதுருவின் சொல்லுக்கே இயேசு இறங்கி வந்தார் என்று இங்கே பிரசங்கம் செய்வார்கள். இலக்கணம் அவ்வளவு பாரம் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

> ‘அருள்’ போதாதா? பரிமேலழகரே வேறுபாடு சொல்லியிருக்கிறார். (தைப்பிங்)

ஐயா, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த யோசனை. அன்பு தொடர்புடையவர்களிடம் செல்வது, அருள் தொடர்பு பற்றாது எல்லா உயிர்கள் மேலும் செல்வது என்று அவர் பிரித்தார். வள்ளுவரும் ‘அருளென்னும் அன்பீன் குழவி’ என்றார். கருத்து கிட்டத்தட்ட நமக்கு வேண்டியதுதான். சிக்கல் வேறு இடத்தில். கத்தோலிக்கச் சபையில் ‘அருள்’ ஏற்கெனவே கிருபையின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதோடு அருள் மேலிருந்து கீழே வருவது. கடவுள் எனக்கு அருளலாம். நான் பக்கத்து வீட்டுக்காரருக்கு ‘அருள் காட்டினேன்’ என்று சொன்னால், அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

‘கைம்மாறு கருதா அன்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு’ என்ற குறளும், நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்விக்கிறார் என்ற மத்தேயு 5:45உம் நன்றாகவே ஒட்டுகின்றன. வேதபாட வகுப்பில் அதைச் சொன்னேன். பால்மரம் (ரப்பர்) வெட்டியே காலம் போன ஓர் அம்மா விடவில்லை. “மழ வந்தா பட்ட நனஞ்சி பாலு கோட்ட விட்டு வழியும், மங்கு கிண்ணத்துல நிக்காது. அன்னிக்கு வெட்டு இல்ல, கூலியும் இல்ல. அது என்னா அன்பு?” செம்பனைக் குடும்பங்கள் சிரித்தன, அவர்களுக்கு மழை வேண்டும். உவமை இந்த ஊரில் பாதி ஆட்களுக்குத்தான் வேலை செய்கிறது. சொல்லும் மறுபடி ‘இல்லை’யில்தான் போய் நிற்கிறது.

என் முன்மொழிவு: முந்தன்பு.

1518இல் ஹைடல்பெர்க் வாதத்தில் மார்ட்டின் லூத்தர் வைத்த இறையியல் கூற்றுகளில் கடைசி இது: கடவுளின் அன்பு தனக்கு உகந்ததைக் கண்டுபிடிப்பதில்லை, அதை உண்டாக்குகிறது; மனிதனின் அன்போ தனக்கு உகந்ததைக் கண்டபின் பிறக்கிறது. நமக்கு வேண்டிய பொருள் இந்த வரிசை மாற்றத்தில் இருக்கிறது. வேதம் இதற்கு வைத்திருக்கிற வார்த்தை ‘முந்தி’. ‘அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்’ (1 யோவான் 4:19). ரோமர் 5:8உம் அதே வரிசைதான்: நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து மரித்தார், திருந்திய பிறகு அல்ல.

மனிதருக்கும் இது பொருந்தும். ரோமர் 12:10 ‘கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்’ என்கிறது. கடவுளுக்கு நாம் முந்த முடியாது, அவர் எப்போதோ முந்திவிட்டார். ஆகவே அந்த அன்பு போகக்கூடிய இடம் அடுத்த மனிதர்தான்.

2020 மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் சபையில் அரிசி, பருப்பு, எண்ணெய் மூட்டை கட்டினோம். தோட்டத்துக் கொங்சியில் (தொழிலாளர் கூட்டுக் குடியிருப்பில்) அடைபட்டிருந்த வங்காளதேசத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆயரம்மா சொன்னார். செயற்குழுவில் ஒருவர், “நம்ம ஆளுங்களுக்கே பத்தல. அவனுங்க என்ன, கோயிலுக்கா வரப் போறாங்க?” என்றார். வரப்போவதில்லைதான், முஸ்லிம்களான அவர்களை வரச்சொல்லவும் இங்கே சட்டம் இடம் தராது. அதனால்தான் அந்த மூட்டை ஒரு நல்ல சோதனை: அதிலிருந்து சபைக்குத் திரும்பி வர ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரம் வாதம் ஓடியது. கடைசியில் கேட்டவரே தன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்

* * *

மறுமொழி (கிள்ளான்):

தம்பி, பொருள் சரி, சொல் தகராறு. நம் நாட்டில் ‘முந்தி’ என்றால் முன்பு என்று அர்த்தம். ‘முந்தி இங்க தோட்டம் இருந்துச்சி’ என்போமே. முந்தன்பு என்றால் பழைய காதல் என்று நினைக்க மாட்டார்களா? இன்னொன்று, நாங்கள் மெதடிஸ்டுகள். ஒருவன் மனந்திரும்ப முன்னரே அவனில் வேலை செய்யும் கிருபை என்று ஜான் வெஸ்லி போதித்தாரே, அதற்கு ‘முந்து கிருபை’ என்று எழுதலாம் என்றிருந்தேன். இடம் பிடித்துவிட்டீர்கள்.

* * *

மறுமொழி (சுங்கை சிப்புட்):

அண்ணே, பழைய காதல் என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டீர்கள். இந்த வினைத்தொகையே அதற்குப் பதில் சொல்கிறது. முந்தன்பு என்பது முந்திய அன்பு, முந்துகின்ற அன்பு, முந்தும் அன்பு, மூன்றும்தான். ஊறுகாய்க்கு உள்ள உரிமை இதற்கும் உண்டு.

வெஸ்லியின் கிருபையோடு மோதல் இல்லை, உறவுதான். இரண்டும் ஒரே அடிச்சொல்லில் இருந்தால் கலைச்சொற்பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் வரும். வாசிப்பவருக்கும் தொடர்பு புரியும். நீங்கள் ‘முந்து கிருபை’யை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ‘முந்தி’ பற்றிய உங்கள் பயத்தை நான் தள்ளவில்லை. ஆகவே பட்டியலில் ‘முந்தன்பு’, பாட நூலின் ஓட்டத்தில் ‘முந்தும் அன்பு’ என்று விரித்தே எழுதலாம். வினையாக வரும்போது ‘அன்பில் முந்து’. ‘நிபந்தனையற்ற அன்பு’ பழகியவர்களுக்காக அதை அடுத்த வரியில் வைத்துவிடலாம், துரத்த வேண்டாம். தைப்பிங் ஐயா, இதன் புணர்ச்சியை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் நான் சொல்லிப் பார்க்கிறேன்.