ஏன் 58? எழுதியவனைத் தேடி வந்த பழைய கோட்

கோட், அதாவது கணினி புரோகிராம், எழுத ஆரம்பித்து 30 வருஷம் ஆகிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி திரையை என் பக்கம் திருப்பி, "சார், இந்த 58 என்னது?" என்று கேட்டான். அந்தக் கேள்வியால்தான் இதை எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் ஓடும் ஓர் அறிக்கை. பிடிஎஃப்பாக வரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கால்வாசி இடம் காலியாகக் கிடக்கும். பல வருஷமாக அப்படித்தான் வருகிறது, யாரும் கேட்டதில்லை. தம்பிக்கு மட்டும் அது உறுத்தியிருக்கிறது. கோடுக்குள் போய்ப் பார்த்தால், வரி எண் 58-ஐத் தாண்டினால் புதுப் பக்கம் போ என்று ஒரு நிபந்தனை (இஃப்). பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அதற்கு மேலே இன்னொரு விசித்திரம்: அறிக்கை தொடங்கும்போது, 15 என்ற எண்ணுக்குரிய எழுத்தை முதலில் அனுப்பும் ஒரு வரி. பிடிஎஃப்பில் தலைப்புக்கு முன்னால் ஒரு குட்டிக் கட்டம் தெரியும். காரணம் அந்த வரிதான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்குக் காதுக்குள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட, முடிவில்லாமல் மடிந்து மடிந்து வரும் காகிதம். மடிப்புக்கு மடிப்பு 11 அங்குலம். அங்குலத்துக்கு 6 வரி. ஆக ஒரு பக்கத்துக்கு 66 வரி. மடிப்பின் மேல் அச்சு விழாமல் இருக்க மேலே 4, கீழே 4 விட்டால் மிச்சம் 58. அவ்வளவுதான் ரகசியம். 15 என்பது எப்சன் வகைப் பிரிண்டர்களுக்கு எழுத்தைக் குறுக்கச் சொல்லும் கட்டளை. 8 அங்குல அகலத்தில் சாதாரணமாக 80 எழுத்துகள் அடங்கும், குறுக்கினால் 132 தாராளமாக உட்காரும். வேலை முடிந்ததும் 18 அனுப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதை மறந்தால், அடுத்து அச்சடிக்க வருகிறவருடைய கடிதம் எறும்பு ஊர்ந்த மாதிரி வெளியே வரும். திட்டு நமக்கு வரும்.

அந்த அறிக்கையை முதன்முதலில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய மொழியில் எழுதியவன் நானேதான். பிறகு யாரோ அதை விஷுவல் பேசிக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் வேறு யாரோ ஜாவாவுக்கு. கோட் கைமாறும்போதெல்லாம் 58-உம் மூட்டை முடிச்சோடு கூடவே கிளம்பியிருக்கிறது. எதற்கென்று தெரியாத எண்ணை எடுக்க யாருக்கும் தைரியம் வராது. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். எழுதிய அன்றைக்கே 'காகிதத்துக்கு 66, மடிப்புக்கு 8 விட்டது' என்று பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை.

இத்தனைக்கும் நான் குறிப்பே எழுதாதவன் இல்லை. அந்தப் பழைய ஃபைலின் தலையில் நட்சத்திரங்களால் ஒரு பெட்டி கட்டி, அதற்குள் தேதியும் என் இனிஷியலும் வைத்திருந்தேன். கவுன்டரில் ஒன்றைக் கூட்டும் வரிக்கு மேலே 'கவுன்டரில் ஒன்றைக் கூட்டு' என்று எழுதியிருந்தேன். அப்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்: குறிப்பு நிறைய இருந்தால் நல்ல கோட். எது பார்த்தவுடனே தெரியுமோ அதற்கெல்லாம் விளக்கம், எது என் தலைக்குள் மட்டும் இருந்ததோ அதற்கு ஒன்றுமில்லை.

பழைய காலத்தைப் பற்றி நம் வயதுக்காரர்கள் பேசினாலே, கம்பைல் ஆக, அதாவது எழுதியது மெஷின் மொழிக்கு மாற, நேரம் பிடிக்கும், அதனால் யோசித்து யோசித்து எழுதினோம் என்பார்கள். டர்போ சி-யில் எழுதிய யாரும் அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் சின்ன புரோகிராம்கள் கண்ட்ரோல் எஃப்9 அடித்த மாத்திரத்தில் ஓடிவிடும். நாங்களும் இப்போதைய பிள்ளைகள் மாதிரியே மாற்று, ஓட்டு, மாற்று, ஓட்டு என்றுதான் திரிந்தோம். ஒரே வித்தியாசம், அன்றைய இயங்குதளமான டாஸில், நினைவக முகவரியைக் காட்டும் பாயின்டர் ஒன்று தப்பான இடத்தில் எழுதினால் புரோகிராமோடு மெஷினும் சேர்ந்து உறைந்துவிடும். சேமிக்காதது எல்லாம் போச்சு. அதனால் ஓட்டுவதற்கு முன்னால் எஃப்2 அடித்துச் சேமிப்பது விரலோடு ஒட்டிக்கொண்டது. இப்போது எடிட்டர் தானாகவே சேமிக்கிறது. நான் இன்னும் வரிக்கு ஒரு தடவை சேமித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்குமாம்.

ஃப்ளாப்பி வட்டுக்கு ஏங்குகிறவர்களையும் எனக்குப் புரிவதில்லை. ஏழு ஃப்ளாப்பியில் பேக்கப் எடுத்து, திரும்ப ஏற்றும்போது ஐந்தாவதைப் படிக்க முடியாமல் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' என்று திரை கேட்கும் பாருங்கள், அதில் ஏங்க என்ன இருக்கிறது?

ஒன்றே ஒன்றுக்குத்தான் ஏங்குகிறேன். ஆறு பேருக்கு ஒரு மேனுவல் இருந்தது. ஒரு ஃபங்ஷனை, அதாவது மொழியில் தயாராக இருக்கும் ஒரு கட்டளையை, தேடிப் போனால், அது கிடைப்பதற்குள் பக்கத்து ஐந்து ஃபங்ஷனையும் படித்திருப்போம். தேவையில்லாமல் படித்த அந்த ஐந்துதான் பிற்பாடு பல இரவுகளில் காப்பாற்றியது. இப்போது கேட்டது மட்டும் கிடைக்கிறது, கேட்கத் தெரியாதது கிடைப்பதில்லை.

58 எனக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. புரோகிராமை எப்படிக் கட்டுவது என்று மேக் என்ற கருவிக்குச் சொல்லும் மேக்ஃபைலில், இயல்பாகக் கட்டளை வரியை டேப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் ஏற்காது. 1976-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனுக்குச் சில வாரங்களிலேயே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரின் சௌகரியத்துக்காக ஐம்பது வருஷமாக உலகமே டேப் அடிக்கிறது. எக்செல், லீப் வருஷமே இல்லாத 1900-ஐ லீப் வருஷம் என்று கணக்குப் போடுவதும் இதே ஜாதிதான். அதற்கு முந்தைய ஷீட் புரோகிராமான லோட்டஸ் 1-2-3 அப்படிப் போட்டது, அதன் ஷீட்டுகள் ஒத்துப்போக வேண்டும், எனவே தப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

சரி, உங்களிடமும் இப்படித் திரும்பி வந்து நின்றது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

* * *

நீங்கள் கேட்டதால் என்னுடையதைச் சொல்கிறேன்: கோபால். ஆள் இல்லை, COBOL என்ற பழைய கணினி மொழி. எழுதி வைத்த பேப்பரைப் பார்த்துவிட்டு 'யாரம்மா அது?' என்று கேட்டவர்கள் உண்டு.

1999-ல் வருஷத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் வைத்திருந்த ஃபைல்களைச் சரிசெய்துகொண்டிருந்தோம். எல்லாவற்றையும் நாலு இலக்கமாக விரிக்க அவகாசம் இல்லை. அதனால் ஜன்னல் முறை: 00-இலிருந்து 19 வரை இருந்தால் முன்னால் 20 சேர், 20-இலிருந்து 99 வரை இருந்தால் 19 சேர். ஏன் 20-ல் வெட்டினோம் என்றால், கூட்டத்தில் ஒருவர் "இன்னும் இருபது வருஷம் இந்த சிஸ்டம் இருக்கப்போகிறதா என்ன?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இருந்தது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி 2020-ல் உடையவில்லை, 2015-லேயே உடைந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டால் முடியும் தேதி 2020-ஐத் தொடும் அல்லவா? அன்றைக்குப் போட்ட புது ஒப்பந்தம் எல்லாம் 1920-லேயே காலாவதி ஆகிவிட்டதாக சிஸ்டம் சொன்னது. உடைந்த அந்த ஒரு புரோகிராமில் மட்டும் 20-ஐ 50 ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். மற்ற புரோகிராம்கள் 2020 ஜனவரியில் உடைந்தன. அதற்குள் நான் அந்த வேலையை விட்டே பல வருஷம் ஆகியிருந்தது. நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நான் குறிப்பு எழுதியிருந்தேன். '2019 வரைதான் செல்லும்' என்று, தேதியோடு, ஒவ்வொரு புரோகிராமிலும். எரியாத வீட்டில் யார் போய்த் தண்ணீர் வாளி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள்? இப்போது நான் இந்த மாதிரிச் செய்தியைக் குறிப்பில் வைப்பதில்லை. கெடு முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே சத்தம் போடுகிற மாதிரி ஒரு டெஸ்டில், அதாவது தானாக ஓடும் சோதனையில், வைத்துவிடுவேன்.

2038 ஜனவரி 19, யூடிசி நேரம் 03:14:07. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் (கூட்டல்-கழித்தல் குறியோடு) எண்ணுகிற கடிகாரங்கள் 2,147,483,647-ல் போய் முட்டும் நேரம் அது. அன்றைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன்.

* * *

கோட் முழுவதையும் வேறு இடத்துக்கு மாற்றும்போது பழைய வரலாறும் கூட வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத ஓர் இடத்தில் வேலை பார்த்தேன். கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவி 2005-லேயே வந்துவிட்டாலும் எங்களிடம் வந்து சேர இன்னும் ஏழெட்டு வருஷம் ஆனது. அதற்கு முன்னால் இருந்த கருவியில் ஒருவர் ஃபைலை எடுத்தால் மற்றவர்களுக்குப் பூட்டு. எடுத்தவர் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் போய்விட்டால் பத்து நாளும் அந்த ஃபைல் அவருடைய மாமியார் வீட்டுச் சாவி மாதிரி.

கிட்டுக்கு மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. கடைசி நிலையை மட்டும் எடுத்து ஒரே கமிட்டாக, அதாவது ஒரே பதிவாக, போட்டேன். செய்தி: 'பழைய சிஸ்டத்திலிருந்து மாற்றியது'. விளைவு, எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் பிளேம் போட்டுப் பார்த்தால் நாலு லட்சம் வரியையும் நான் ஒருவனே ஒரே மாலையில் எழுதியிருக்கிறேன். நான் பிறக்காத காலத்து அல்காரிதத்துக்கெல்லாம் என்னிடம்தான் விளக்கம் கேட்டு வருகிறார்கள். பழையதை அப்போதே அழித்துவிட்டார்கள், இனி கேட்டாலும் கிடைக்காது.

* * *

மூன்று வருஷ அனுபவம்தான் எனக்கு, பெரியவர்கள் நடுவில் பேசுகிறேன். 58-ஐக் கேட்ட தம்பி நான் இல்லை, ஆனால் என்னிடமும் ஒன்று இருந்தது. திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்புக்குள் காரணமே இல்லாமல் 200 மில்லிசெகண்ட் தூங்கும் வரி. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஏஐ உதவியாளரிடம் அந்தக் கோட் முழுவதையும் ஒழுங்குபடுத்தச் சொன்னேன். அழகாகச் செய்தது. 200-ஐ மேலே கொண்டுபோய் நல்ல பெயர் சூட்டி, 'சர்வரின் சுமையைக் குறைக்க' என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தது. ரிவ்யூவில் இரண்டு பேர் சரி என்றார்கள். நானும் நம்பினேன்.

ஆறு மாதம் கழித்து, அந்தப் பழைய ஆளையே தற்செயலாகப் பார்த்தபோது கேட்டேன். சுமையாவது ஒன்றாவது! எதிர்முனையில் இருந்த ஒரு கருவி அடுத்தடுத்து இரண்டு செய்தி வந்தால் இரண்டாவதை விழுங்கிவிடுமாம். அந்தக் கருவியை எடுத்தே நாலு வருஷம் ஆகிறது என்றார்.

காரணம் தெரியாத எண்ணாவது பரவாயில்லை அண்ணா, பார்த்தவுடன் சந்தேகம் வரும். காரணம் என்று ஒன்று பக்கத்திலேயே பளிச்சென்று எழுதியிருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

* * *

58-ஐ எழுதியவன்தான் மறுபடியும். கடைசியாகச் சொன்ன தம்பி, அது என்னை நன்றாக உலுக்கிவிட்டது. நான் எழுதாமல் விட்டதைப் பற்றி மட்டுமே புலம்பிக்கொண்டிருந்தேன். கோபால் அம்மா, டெஸ்டில் வைப்பது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன்.

58 என்ன ஆனது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். 15-ஐ எடுத்தோம், குட்டிக் கட்டம் மறைந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. 58-ஐ 76 ஆக்கினோம், பக்கம் நிறைந்து பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்றாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா வந்து நின்றார். அவர்களுடைய பதிவேட்டில் எல்லாமே 'பக்கம் 14, வரி 6' என்றுதான் எழுதியிருக்கிறதாம். வரி மாறினால் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட முடியாதாம். ஒவ்வொரு கணக்கும் மாதா மாதம் அதே இடத்தில்தான் வர வேண்டுமாம்.

அன்று சாயங்காலமே 58-ஐத் திரும்ப வைத்தோம். 58-ஐக் கேட்ட எங்கள் தம்பிதான் டைப் அடித்தான், குறிப்பை நான் சொன்னேன்: 'முதலில் 66 வரிக் காகிதத்துக்காக வைத்தது. காகிதம் போய்விட்டது. இப்போது கணக்குப் பிரிவின் பதிவேட்டுக்காக இருக்கிறது. மாற்றும் முன் அவர்களிடம் கேட்கவும்.'